விடுமுறை இல்லாதவர்களின் விடுதலை நாள்

பூந்தமல்லிக்கு வடக்கே, ஆவடிச் சாலையை ஒட்டிய பாரிவாக்கத்தில் இன்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஏதாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. நெல் விளைந்த மண் மனைப்பிரிவாகவும் கிடங்காகவும் அடுக்குமாடியாகவும் மாறிவருகிறது. வாசலில் எம்-சாண்ட் குவியல், பக்கத்தில் சேம்பர் கல் அடுக்கு. அந்த அடுக்கிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தால் அதன் முகத்தில் இரண்டு மூன்று எழுத்துகள் பள்ளமாகப் பதிந்திருக்கும். அது சூளை முதலாளியின் அடையாளம். சில கற்களின் ஓரத்தில் விரல் பதிந்த தடம் இருக்கும். பச்சைக் கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தபோது அதைப் புரட்டிப் போட்ட கையின் தடம் அது. கல் லாரியில் மேற்கிலிருந்து, திருவள்ளூர் மாவட்டத்தின் உட்பகுதிகளிலிருந்து வருகிறது. அது வந்த வழியில் திரும்பிச் சென்று, அங்கிருந்து வடகிழக்கே கடற்கரை வரை போனால், ஒரே மாவட்ட எல்லைக்குள் தமிழ்நாட்டு அடிமை முறையின் நானூறு ஆண்டு வரலாற்றையும் பார்த்துவிடலாம். அந்த வழியில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடிமைத்தனம் முடிந்ததை நினைவுகூர நமக்கு ஒரு நாள் உண்டா? உண்டு என்றால், அந்த நாள் யாருடையது?

நாள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 9 அன்று தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாள் உறுதிமொழி எடுக்கப்படுகிறது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம் 1976ஆம் ஆண்டு அதே தேதியில்தான் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கு முன்பே, 1975 அக்டோபரில், அது அவசரச் சட்டமாக வந்திருந்தது. மாவட்ட ஆட்சியர் வாசிக்க, அலுவலர்கள் வரிசையில் நின்று திரும்பச் சொல்கிறார்கள். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம் வருகிறது. ஆனால் அன்று வேலை நாள். அந்த உறுதிமொழி யாரைப் பற்றியதோ, அவர்கள் அந்த நேரத்தில் சூளையில் மண் குழைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் செங்கல் சூளைகள் பொங்கலை ஒட்டித் தொடங்கி, மழைக்காலம் வரும்வரை ஓடுகின்றன. அதனால் பிப்ரவரி 9 வேலை முழு வேகத்தில் நடக்கும் நாட்களில்தான் வருகிறது. இந்த நாளை உறுதிமொழி நாளாக விட்டுவிடக் கூடாது என்பதும், சூளைக்கும் அரிசி ஆலைக்கும் கல்குவாரிக்கும் கூலியோடு கூடிய கட்டாய விடுமுறை நாளாக அது மாற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். விடுமுறை எடுக்க முடியாதவர்தான் கொத்தடிமை. ஆகவே விடுதலையைக் கொண்டாடவும் சோதித்துப் பார்க்கவும் விடுமுறையை விடப் பொருத்தமான வழி இல்லை.

உலகில் நிலைத்து நின்ற விடுதலை நாட்களின் வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் ஜுன்டீன்த் எனப்படும் ஜூன் 19, சட்டம் பிறந்த நாள் இல்லை. ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. டெக்சாஸில் இருந்த ஏறத்தாழ 2,50,000 அடிமைகளுக்கு அது எட்டவில்லை. இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1865 ஜூன் 19 அன்று, ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் படையோடு கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு வந்து ஆணையை அறிவித்த பிறகுதான் அது நடப்புக்கு வந்தது. அந்த ஆணையின் இன்னொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விடுதலை பெற்றவர்கள் இப்போதிருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்ய வேண்டும், சும்மா இருப்பவர்களுக்கு ஆதரவு கிடைக்காது என்று அதே ஆணை எச்சரித்தது. விடுதலை கொடுத்த கையே நடமாட்டத்தைக் கண்டு அஞ்சியது. ஆனால் மக்கள் அடுத்த ஆண்டிலிருந்தே அந்த நாளில் வேலையை நிறுத்திவிட்டுக் கூடினார்கள். கூடுவதற்கு இடம் கிடைக்காத நிலையில், 1872இல் ஹூஸ்டன் நகரத்துக் கறுப்பின மக்கள் தங்களுக்குள் பணம் திரட்டி 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். இன்றும் அது எமான்சிபேஷன் பூங்காவாக இருக்கிறது. டெக்சாஸ் மாநிலம் அந்த நாளை 1980இல் விடுமுறையாக ஏற்றது, கூட்டாட்சி அரசு 2021இல்தான் ஏற்றது. அரசு ஏற்கும்வரை அந்த மக்கள் காத்திருக்கவில்லை.

தமிழர்கள் வேரூன்றிய இரண்டு தீவுகளின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ரியூனியனில் டிசம்பர் 20 பொது விடுமுறை. பிரான்ஸ் 1848 ஏப்ரல் 27 அன்றே அடிமை முறையை ஒழித்துவிட்டாலும், ஆணையர் சர்தா கரிகா அதைத் தீவில் டிசம்பர் 20 அன்றுதான் அறிவித்தார். கரும்பு அறுவடைக்கு இடையூறு வரக்கூடாது என்பது தோட்ட முதலாளிகளின் கவலை. அந்த நாளுக்குள் விடுதலை பெறுவோர் ஒவ்வொருவரும் ஒரு முதலாளியிடம் வேலை ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தப்பட்டது. மொரீஷியஸில் 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிந்தது. முதலாளிகளுக்கு 20 லட்சம் பவுனுக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. விடுதலை பெற்றவர்களோ 1839 வரை பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் அதே தோட்டங்களில் உழைத்தாக வேண்டியிருந்தது. கட்டு அவிழ்ந்ததும் அவர்கள் கூட்டம் கூட்டமாகத் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் விட்ட இடத்துக்குத்தான் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கப்பலேறினார்கள். அவர்களில் தமிழர்களும் ஏராளம். அந்தக் கூலிகளுக்கு விதிக்கப்பட்ட தண்டனைகளில் மிகவும் வெறுக்கப்பட்டது இரட்டை வெட்டு: ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி போய்விடும். ஒரு நாள் ஓய்வின் விலை இரண்டு நாள் உழைப்பாக இருந்த அந்த மண்ணில், இன்று பிப்ரவரி 1, நவம்பர் 2 ஆகிய இரண்டும் அரசு விடுமுறைகள். முதலாவது அடிமை முறை ஒழிந்த நாள், இரண்டாவது ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய நாள். தைப்பூசக் காவடிக்கும் அங்கே அரசு விடுமுறை உண்டு. மொரீஷியஸ் தமிழருக்கு இருக்கும் விடுதலை விடுமுறை, அவர்களின் முன்னோர் கப்பலேறிய தமிழ்நாட்டில் இல்லை.

இங்கே முதல் மறுப்பு எழும். அமெரிக்காவிலும் தீவுகளிலும் நடந்தது ஆளை விலைக்கு வாங்கி விற்ற அடிமை முறை, தமிழ்நாட்டில் அப்படி ஏதும் இருந்ததில்லை, இங்கிருந்தது பண்ணைக்கும் ஆளுக்கும் இடையே வழிவழி வந்த உறவுதான் என்று பலர் மனதார நம்புகிறார்கள். அவர்கள் பாரிவாக்கத்திலிருந்து சற்றுத் தெற்கே, மாங்காட்டைத் தாண்டி இருக்கும் குன்றத்தூரை நினைத்துப் பார்க்க வேண்டும். பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊர் அது. அவர் பாடிய தடுத்தாட்கொண்ட புராணத்தில் கிழவர் வேடத்தில் வரும் இறைவன், சுந்தரரின் பாட்டனார் எழுதிக்கொடுத்த அடிமை ஓலையைக் காட்டி மணப்பந்தலில் வழக்காடுகிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபை அந்த ஓலையின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. கதையின் பொருள் பக்திதான். ஆனால் பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்பதும், அதை விசாரிக்க ஊர்ச்சபைக்கு அதிகாரம் உண்டு என்பதும் 12ஆம் நூற்றாண்டில் கேட்டவர்களுக்குப் புதிதாக இருந்திருந்தால் அந்தக் கதை அவர்கள் மனத்தில் நின்றிருக்காது. கல்வெட்டுகளும் இதற்குச் சாட்சி. திருப்பாம்புரத்தில் 1201ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஒரு வேளாளர் தம்மையும் தம் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கல் சொல்கிறது. ஆளுக்கு விலை இருந்தது, அதற்கு ஆவணமும் இருந்தது. நம் அடிமை முறை அமெரிக்காவின் முறையைப் போன்றது அன்று என்பது சரி. அதனால் அது அடிமை முறையே இல்லை என்று ஆகிவிடாது.

குன்றத்தூரிலிருந்து பூந்தமல்லி வழியாக மேற்கே திரும்பும் சாலை, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆர்க்காட்டு நவாபு 1763இல் கொடுத்த செங்கல்பட்டு ஜாகீரின் ஊடே செல்கிறது. சென்னைப் பட்டணத்துக்குச் சோறு போட்ட வயல்கள் இவை. அந்த வயல்களில் உழைத்தவர்களைப் படியாட்கள் என்றார்கள். பெரும்பாலும் பறையர் சமூகத்தினர். படியளக்கும் நெல்லே கூலி. கல்யாணத்துக்கோ சாவுக்கோ மிராசுதாரிடம் வாங்கிய சிறு கடன்தான் கட்டு. தகப்பன் தீர்க்காத கடனுக்கு மகன் பண்ணையில் நின்றான். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833இல் தன் பேரரசு முழுவதும் அடிமை முறையை ஒழித்தபோது, கம்பெனி ஆண்ட பகுதிகளை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து 1843 ஏப்ரலில் ஐந்தாம் சட்டம் வந்தது. இனி அடிமை என்ற உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்காது, வரிப் பாக்கிக்காகவோ தீர்ப்பை நிறைவேற்றவோ எந்த அதிகாரியும் ஆளை விற்கக் கூடாது, அடிமை என்று சொல்லி ஒருவர் உழைத்துச் சேர்த்த பொருளைப் பறிக்கக் கூடாது, சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் அடிமைக்குச் செய்தாலும் குற்றம் என்றது அது. நல்ல சட்டம்தான். ஆனால் அது நீதிமன்றத்தை நோக்கிப் பேசியது, படியாளை நோக்கிப் பேசவில்லை. சேரியில் தமுக்கடித்து, நீ இனி யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை என்று எவரும் சொன்னதில்லை. கால்வெஸ்டனில் நடந்தது போன்ற ஒரு நாள் பூந்தமல்லியில் வரவே இல்லை. நினைவில் வைக்க ஒரு தேதியில்லாமலேயே ஒரு விடுதலை வந்துபோனது.

செய்தி வராததோடு இந்தக் கதை நிற்கவில்லை. பதினாறே ஆண்டுகளில் எதிர்த்திசையில் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்ப வழிசெய்த 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம் அது. முதலில் சென்னை உள்ளிட்ட மூன்று மாகாணத் தலைநகரங்களுக்கு என்று வந்து, பிறகு பல பகுதிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. 1920களின் நடுவில்தான் அது நீக்கப்பட்டது. ஆளை உடைமை என்று சொல்லக் கூடாது, ஆனால் முன்பணத்தின் பெயரால் கட்டிவைக்கலாம் என்பதே இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பொருள். இதைத் துல்லியமாகப் பார்த்தவர் செங்கல்பட்டு ஆட்சியர் ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர். திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டைச் சுற்றி வில்லியம் கவுடி போன்ற மெதடிஸ்ட் ஊழியர்கள் நேரில் கண்டு எழுதியவையும் அந்தக் காலத்தவையே. டிரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை முக்கியமான ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. படியாள் குடியிருந்த மனை மிராசுதாருடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். கடன் ஒரு கயிறு, குடிசை இன்னொரு கயிறு. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணைதான் பின்னாளில் பஞ்சமி நிலம் என்று அறியப்பட்ட நில ஒதுக்கீட்டுக்கு அடிப்படை. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் அப்படி வழங்கப்பட்டதாகச் சொல்வது வழக்கம். கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையை மீறி அதில் பெரும் பகுதி கைமாறிப் போனதும் நாம் அறிந்ததே. விலகிச் செல்லும் உரிமைக்குக் காலூன்ற ஓர் இடம் வேண்டும் என்று 130 ஆண்டுகளுக்கு முன் இந்த மாவட்டத்தில் எழுதப்பட்ட உண்மை இன்னும் பழையதாகவில்லை.

திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஒன்றியங்களில் செங்கல் சூளைகள் வரிசையாக வருகின்றன. உழைப்பவர்களில் இருளர்களும் வட தமிழ்நாட்டுத் தலித் குடும்பங்களும் உண்டு. மேற்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து வருபவர்கள் ஏராளம். அங்கே நுவாகாய் என்னும் புத்தரிசிப் பண்டிகை முடிந்ததும் தரகர்கள் முன்பணத்தோடு ஊருக்குள் வருகிறார்கள். பண்டிகைச் செலவும் பழைய கடனும் கழுத்தை நெரிக்கும் வேளை அது. பணம் தனியாளுக்குக் கைமாறினாலும் ரயிலேறுவது குடும்பம் முழுவதும். சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒருவர் மண்ணை நீர்விட்டு மிதித்துப் பதமாக்க, மற்றவர் அதை உருட்டி, மணல் தூவிய அச்சில் ஓங்கி அடித்து, மேலே வழித்துவிட்டுத் தரையில் கவிழ்க்கிறார். வெயில் ஏறுவதற்கு முன் எத்தனை கல் அறுக்க முடியுமோ அத்தனை லாபம் என்பதால் வேலை நள்ளிரவு கடந்து விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. ஈரக்கல் வரிசைமேல் நடந்து ஒவ்வொன்றையும் புரட்டிப் போடும் வேலைக்குக் குழந்தைகளே தோதானவர்கள், பெரியவர்களின் எடை தாங்காமல் கல் உடைந்துவிடும். பாரிவாக்கத்துச் சுவரில் கிடைக்கும் விரல் தடத்துக்கு இதுதான் பின்னணி. வாரச் செலவுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, அறுத்த கல்லின் கூலியை முன்பணத்தில் கழிக்கிறார்கள். உடைந்த கல்லுக்கும் மழையில் கரைந்த கல்லுக்கும் கூலி இல்லை. நோட்டு முதலாளியிடமோ மேஸ்திரியிடமோ இருக்கிறது. கழிந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.

எல்லாச் சூளைகளும் அப்படி இல்லை. முன்பணம் வாங்குவதும் குற்றம் இல்லை. எந்த இடத்தில் அது கொத்தடிமையாக மாறுகிறது என்பதற்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவான அளவுகோல் வைத்திருக்கிறது. முன்பணத்துக்கு ஈடாகக் கூலியில்லாமலோ சொற்பக் கூலிக்கோ உழைக்க வேண்டியிருந்தால், வேறு வேலைக்குப் போகும் சுதந்திரம் இல்லாவிட்டால், நாட்டின் எந்தப் பகுதிக்கும் சென்றுவரும் உரிமை இல்லாவிட்டால், தன் உழைப்பையோ விளைபொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை இல்லாவிட்டால் அது கொத்தடிமை முறை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பு கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் இது, கொத்தடிமைக் கடன் இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர்மேல் சட்டம் வைக்கிறது. அதாவது, சூளைக்குள் நுழையும் கோட்டாட்சியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி நோட்டில் உள்ள தொகையைப் பற்றியது அன்று. நாளைக்கு ஊருக்குப் போய்விட்டு வர முடியுமா, சந்தைக்குப் போக வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும், குடும்பம் முழுவதும் ஒன்றாகப் போகலாமா, ஒருவரைப் பிணையாக விட்டுச்செல்ல வேண்டுமா என்பவையே கேள்விகள். இவை ஒவ்வொன்றும் விடுமுறை பற்றிய கேள்விதான்.

வெளிவட்டச் சாலையில் வடக்கே திரும்பினால் செங்குன்றம். சென்னையின் அரிசிச் சந்தை இது. இங்குள்ள ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்கள் பல முறை மீட்கப்பட்டிருக்கின்றன. நெல்லை ஊறவைத்து, கொதிகலனில் அவித்து, சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காலால் கிளறிக் காயவைக்கும் வேலை இரவு பகல் பார்ப்பதில்லை. அவித்த நெல் காத்திருக்காது என்பதால் குடும்பம் களத்தின் ஓரத்திலேயே படுத்தெழுகிறது. வீடும் வேலையும் ஒரே மதிலுக்குள் அடங்கிவிடும் இந்த ஏற்பாடு, டிரெமென்ஹீர் கண்ட சேரி மனையின் மறுபிறப்பு. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 1995இல் தமிழ்நாட்டில் கொத்தடிமைகளாக உழைப்போர் பத்து லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டது. அதன் பிறகு மாநில அரசு எடுத்த கணக்கெடுப்பில் வந்த எண்ணிக்கையோ சுமார் 25,000. இந்தப் பெரும் இடைவெளிக்குக் காரணம் எண்ணியவர்களின் திறமைக் குறைவு மட்டும் இல்லை. மதிலுக்குள் முதலாளியின் கண் முன்னால், நீ கட்டுப்பட்டவனா என்று கேட்டால் எவர் ஆமாம் என்பார்? அதிகாரி உள்ளே வந்து கேட்பதைவிடத் தொழிலாளி வெளியே வந்து நிற்பதே நம்பத்தகுந்த கணக்கு. வெளியே வந்து நிற்க அவருக்குச் சட்டப்படி ஒரு நாள் வேண்டும்.

செங்குன்றத்தைக் கடந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கடற்கரைக்குப் போனால் சாலை பழவேற்காட்டில் முடிகிறது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்த்ரியா கோட்டையைக் கட்டினார்கள். துணியும் வெடிமருந்தும் போன அதே கப்பல்களில் மனிதர்களும் போனார்கள். பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் சோழமண்டலக் கரையில் ஆட்களின் விலை சரிந்தது, படேவியாவுக்கும் இலங்கைக்கும் ஏற்றுமதி பெருகியது. 1646இல் 2,118 பேர் படேவியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். தஞ்சைப் பகுதியைப் பஞ்சம் வாட்டிய 1659 முதல் 1661 வரையிலான காலத்தில் நாகப்பட்டினம் உள்ளிட்ட துறைகளிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 8,000 முதல் 10,000 வரை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயரும் இந்த வணிகத்துக்கு வெளியே நிற்கவில்லை. அவர்கள் 1680களில் அதற்கு வரி விதித்துப் பார்த்துவிட்டு, முகலாய அதிகாரிகளின் எதிர்ப்பு வந்த பிறகு 1688இல் தடை செய்தார்கள். பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாயிலின் இருபுறமும் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே குலச்சின்னங்களும் பெயர்களும் ஆண்டுகளும் பொறித்த பெரிய பலகைக் கற்கள். கப்பல் வணிகரின் பெயர் கல்லில் இருக்கிறது. கப்பலில் போனவர்களுக்கு ஊரில் ஒரு கல்லும் இல்லை. அவர்களை நினைவுகூரும் பொறுப்பைக் கல்வெட்டாளர்களிடம் விட்டுவிட முடியாது. அது ஒரு நாளின் வேலை, அந்த நாளைக் கொண்டாடும் மக்களின் வேலை.

இப்போது எஞ்சிய மறுப்புகளைப் பார்க்கலாம். பழைய புண்ணைக் கிளறினால் சாதிப் பகை வளரும் என்பார்கள். படியாள் எந்தச் சாதி, மிராசுதார் எந்தச் சாதி என்று கேள்வி வரும் என்ற அச்சம் அது. கேள்வி வரட்டும். மீட்கப்படுவோரில் பெரும்பாலோர் இன்றும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினருமாக இருக்கும்போது, அதைச் சொல்லாமல் விடுவதால் ஒற்றுமை வந்துவிடாது. திருப்பாம்புரத்தில் தம்மையே விற்றுக்கொண்டவர் வேளாளர் என்பதையும் அந்த நாள் சொல்லித்தரும். பசியும் கடனும் யாரையும் கட்டிவிடும் என்பதும், சாதி அந்தக் கட்டைத் தலைமுறைகளுக்கு நீட்டியது என்பதும் சேர்ந்தே கற்க வேண்டிய பாடங்கள். மே நாளும் ஏப்ரல் 14இல் அம்பேத்கர் பிறந்த நாளும் இருக்க இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. எட்டு மணி நேர வேலை கேட்டவர் தன் உழைப்பை விற்கும் உரிமை பெற்றவர். அந்த உரிமைகூட இல்லாதவரின் நாள் வேறு. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றியபோது மே நாளும் எந்த விடுமுறைப் பட்டியலிலும் இல்லை. இன்று தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுத் தொழில் நிறுவன விடுமுறைச் சட்டத்தில் குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு மே 1 கட்டாய விடுமுறையாக இடம்பெற்றிருக்கிறது.

பிப்ரவரி 9 மேலிருந்து வந்த நாள், அதுவும் நெருக்கடி நிலைக் காலத்தில் நாட்டு மக்கள் அனைவரின் உரிமைகளும் முடக்கப்பட்டிருந்தபோது வந்த நாள், அதை எப்படி மக்களின் நாள் என்பது என்ற மறுப்பு வலுவானது. ஆனால் கிரேஞ்சரின் ஆணையும் துப்பாக்கிப் படையோடு மேலிருந்து வந்ததுதான். சர்தா கரிகாவின் அறிவிப்பு ஒப்பந்தக் கட்டாயத்தோடு வந்தது. ஆணை யாருடையதாக இருந்தாலும், அன்று வேலையை நிறுத்திவிட்டுக் கூடியவர்கள்தான் அந்த நாளைத் தங்களுடையதாக்கினார்கள். இன்னும் ஒழியாத ஒன்று ஒழிந்ததாகக் கொண்டாடுவது பொய் இல்லையா என்பது கடைசி மறுப்பு. இது கவலையோடு கேட்கப்படும் கேள்வி, அதற்கு மதிப்பளிக்க வேண்டும். ஜுன்டீன்த் கொண்டாடத் தொடங்கியபோது தெற்கு மாநிலங்களில் குத்தகைக் கடன் புதிய கட்டாக இறுகிக்கொண்டிருந்தது. அந்தக் கொண்டாட்டம் வேலை முடிந்ததற்கான சான்றாக இருக்கவில்லை. எது பாக்கி என்று ஆண்டுதோறும் எண்ணும் நாளாக இருந்தது. நம் நாளும் அப்படி இருக்கலாம். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழோடு உடனடி உதவியாக இப்போது 30,000 ரூபாய் வரை கிடைக்கிறது. ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரையிலான மறுவாழ்வுத் தொகையோ வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கடந்த பிப்ரவரியிலிருந்து இந்த வட்டத்தில் எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள், எத்தனை வழக்குகளில் தண்டனை வந்தது, எத்தனை பேருக்கு முழுத் தொகையும் வீட்டுமனையும் கிடைத்தன என்று மக்கள் முன்னிலையில் வாசிக்க ஒரு நாள் வேண்டும்.

செய்ய வேண்டியதும் பெரிய வேலை இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாய விடுமுறைகளில் பிப்ரவரி 9ஐச் சேர்க்கச் சட்டமன்றம் ஒரு சிறு திருத்தம் செய்தால் போதும். சூளைகளும் ஆலைகளும் குவாரிகளும் எந்த அளவினதாக இருந்தாலும் அந்த ஒரு நாள் கட்டாயம் பொருந்தும் என்றும் அதில் எழுத வேண்டும். ஒரு நாள் உற்பத்தி நின்றால் நட்டம் என்று முதலாளிகள் சொல்வார்கள். மழை பெய்தால் சூளை நிற்கத்தான் செய்கிறது, அந்த நாட்களின் நட்டத்தை இப்போது தொழிலாளியே சுமக்கிறார். ஆண்டில் ஒரு நாளின் கூலியை நேர்மையான முதலாளி தாங்க முடியும், அப்படி விடுமுறை விடுவதால் தன் பெயருக்கும் ஒரு சான்று தேடிக்கொள்வார். அன்று பூந்தமல்லியிலும் திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் உறுதிமொழியை அலுவலக வளாகத்துக்குள் வாசிக்காமல் சந்தைத் திடலில் தமிழிலும் ஒடியாவிலும் வாசிக்கட்டும். மீண்டு வந்தவர்கள் மேடையில் பேசட்டும். எந்தச் சூளையிலிருந்து ஆட்கள் வந்தார்கள், எந்த ஆலையின் கதவு திறக்கவில்லை என்பதைக் கோட்டாட்சியர் குறித்துக்கொள்ளட்டும். கதவு திறக்காத இடத்துக்கு மறுநாள் காலையில் அவர் போக வேண்டும். பாரிவாக்கத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கல்லின் விலையையும் தரத்தையும் விசாரிக்கும்போது, பிப்ரவரி 9 அன்று உங்கள் சூளைக்கு விடுமுறையா என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். வாங்குகிறவர் கேட்கத் தொடங்கினால் விற்கிறவர் பதில் வைத்திருந்தே ஆக வேண்டும். 1843இல் சொல்லப்படாமல் போன செய்தியைச் சொல்லும் கடமை இப்போது நம்மிடம் வந்து நிற்கிறது, அதைச் சொல்லச் சட்டமும் தேதியும் கையில் இருக்கின்றன.